அண்ணன் மகனுக்கு பார் மிட்ஸ்வா: இதில் அப்பா அம்மாவுக்கு என்னதான் வேலை?

பாளைக்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். என் அண்ணன் நியூஜெர்சியில் இருக்கிறான். மதினி அங்கேயே பிறந்து வளர்ந்த யூதப் பெண். நாங்கள் பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. குடும்பம். அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், பைபிளில் எதைக் கேட்டாலும் அதிகாரம், வசனத்தோடு சொல்கிற ஆள். கல்யாணத்தின்போது வீட்டில் நடந்த கூத்தெல்லாம் இப்போது எதற்கு, மதினி மேல் அப்பாவுக்கு இன்றைக்கு என்னைவிடப் பாசம் அதிகம். விஷயம் என்னவென்றால், என் மருமகனுக்கு வருகிற ஜூனில் 13 வயது முடிகிறது, பார் மிட்ஸ்வா, அதாவது பையன் சமயப் பொறுப்பை ஏற்கிற வயது வந்ததற்கான யூதச் சடங்கு, வைத்திருக்கிறார்கள். அப்பா, அம்மா, நான், என் மகள் எல்லோரும் போகிறோம்.

நம் சபையில் பிள்ளைகளை முழு அங்கத்தினராக்கும் திடப்படுத்தல் ஆராதனைக்குச் சபை ஐயர் (போதகர்) வகுப்பு எடுப்பார், பேராயர் வந்து தலையில் கை வைப்பார், வெள்ளை உடுப்பு எடுப்பதும் மத்தியானம் சாப்பாட்டுக்குச் சொல்வதும்தான் பெற்றோர் வேலை. ஆனால் அண்ணன் வீட்டில் நடப்பது வேறு மாதிரி இருக்கிறது. ராத்திரி எப்போது போன் போட்டாலும் பின்னால் பையன் ஏதோ ராகம் போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறான், மதினி "இல்லை, திரும்ப" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுக்கிறார், அண்ணன் அவனை எபிரெய வகுப்புக்குக் கொண்டு விடுவதும் கூட்டி வருவதுமாக இருக்கிறான். பையன் அழுதுகூட இருக்கிறான். அதான் வாத்தியார் இருக்கிறாரே, அவரிடம் விட்டால் ஆகாதா என்று கேட்டேன். "வாத்தியார் எங்களுக்கு உதவிக்குத்தான், வேலை எங்களுடையது" என்றார் மதினி. நிஜமாகவே அவர்கள் சமயத்தில் அப்படித்தானா, இல்லை மதினி குணமே அதுவா?

இன்னொன்று. அண்ணன் மதம் மாறவில்லை. அன்றைக்குப் பின் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்கிறான், அது அம்மாவுக்குப் பெரிய வருத்தம், பெற்ற தகப்பன் ஓரமாக உட்காருவதா என்று. அப்பாவோ, இயேசு 12 வயதில் தேவாலயத்தில் போதகர்களோடு பேசினாரே அதுவும் இந்தச் சடங்குதானா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். என் மகளுக்கு 12 வயது, பெண் பிள்ளைகளுக்கு இது உண்டா என்று அவள் பங்குக்கு ஒரு கேள்வி. மொய் எவ்வளவு, அல்வா கொண்டுபோகலாமா, இதெல்லாமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எடிசன் நெல்லையான்:

அக்கா, நான் இங்கே நியூஜெர்சி எடிசனில்தான் இருக்கிறேன், ஆபீஸில் கூட இருப்பவர்கள் வீட்டு பார் மிட்ஸ்வாவுக்குப் போன பழக்கம் உண்டு. முதலில் மதினியிடம் அவர்கள் ஆலயம் எந்தப் பிரிவு என்று கேளுங்கள், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. மரபுப் பிரிவு என்றால் ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்காருவார்கள், யூதர் அல்லாதவரை வாசிப்பு மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள். சீர்திருத்தப் பிரிவு என்றால் அந்தந்த ரபி (யூதப் போதகர்) முடிவு செய்வார். பல ஆலயங்களில் யூதர் அல்லாத அப்பாவோ அம்மாவோ மேடையில் பிள்ளை பக்கத்தில் நிற்கலாம், ஒரு பிரார்த்தனையோ வாழ்த்தோ வாசிக்கலாம். தோராவுக்கு (மோசேயின் ஐந்து ஆகமங்கள்) முன்னும் பின்னும் சொல்லும் ஆசீர்வாதத்தை மட்டும் யூதர்தான் சொல்லுவார், ஏனென்றால் "எங்களைத் தெரிந்துகொண்டு எங்களுக்குத் தோராவைத் தந்தவர்" என்று அதில் வருகிறது. சில இடத்தில் தோராச் சுருளைத் தாத்தா பாட்டி கையிலிருந்து அப்பா அம்மா கைக்கும், அங்கிருந்து பிள்ளை கைக்கும் மாற்றுவார்கள். உங்கள் அப்பா அம்மாவும் வரிசையில் நிற்கலாமா என்பதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குக் காலையில் போய்க் கேட்டால் சங்கடம்.

பையன் அழுவதைப் பற்றி. அந்தச் சுருளை நீங்கள் பார்த்தால் ஏன் என்று புரியும். தோலில் கையால் எழுதியது, உயிர்க்குறி கிடையாது, ராகக் குறி கிடையாது, நம் பழைய ஓலைச்சுவடியைப் புள்ளியும் இல்லாமல் வாசிக்கிற கதைதான். அச்சுப் புத்தகத்தில் எல்லாக் குறியும் இருக்கும், அதைப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டு, அன்றைக்கு வெறும் மெய்யெழுத்தைப் பார்த்து ராகம் தப்பாமல் ஓத வேண்டும். தோலில் விரல் படக்கூடாது என்று நுனியில் குட்டிக் கை மாதிரி இருக்கும் ஒரு வெள்ளிக் கோலை வைத்துக்கொண்டு வரியைத் தொடருவார்கள். பக்கத்தில் நிற்பவர் தப்பு வந்தால் உடனே திருத்துவார். ஊரே உட்கார்ந்து பார்க்க 13 வயதுப் பையன் இதைச் செய்ய வேண்டும், அப்புறம் அன்றைய பகுதியைப் பற்றி அவனே ஒரு சின்ன உரையும் ஆற்ற வேண்டும். மாதக்கணக்கில் வீட்டில் ஒருவர் கூட உட்காராமல் இது நடக்காது.

மொய்க்கு 18, 36, 54 என்று 18இன் மடங்கில் டாலர் வைப்பது வழக்கம், நாம் 101, 501 வைப்பதுபோல. எபிரெயத்தில் உயிர் என்பதற்கான எழுத்துகளைக் கூட்டினால் 18 வரும். விழா சனிக்கிழமை என்றால் ஆலயத்தில் வைத்துக் கவரை நீட்டாதீர்கள், முந்தியே கொடுத்துவிடுங்கள் அல்லது அப்புறம் வீட்டில் கொடுங்கள்.

கல்லிடை மணி:

எங்கள் பக்கம் பூணூல் கல்யாணத்தில் அப்பாதான் பட்டுத் துணிக்குள் பையனை உட்கார வைத்துக் காதில் மந்திரம் சொல்வார், வாத்தியார் சும்மா எடுத்துக்கொடுப்பவர். அதனால் உங்கள் மதினி சொல்வது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆச்சரியம் வேறு. எங்கள் ஆட்கள் பலபேர் இப்போது கல்யாணத்துக்கு முந்தின நாள் பூணூல் போட்டு, மறுநாள் தாலி கட்ட வைத்து, ஒரே மண்டபம் ஒரே சமையல்காரர் என்று முடித்துவிடுகிறார்கள். 7 வயதில் செய்ய வேண்டியது 29 வயதில் நடக்கிறது. இவர்கள் அந்த வயதைத் தள்ளிப்போடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்களே, அது எப்படி? அப்புறம் தேதி எப்படிப் பார்க்கிறார்கள், நம் நட்சத்திரப் பிறந்தநாள் மாதிரி ஏதாவது உண்டா?

சுவடிப்பித்தன்:

மணி அண்ணாச்சி கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எபிரெய நாட்காட்டிப்படிதான் பிறந்தநாள், அதன்படி 13 வயதும் ஒரு நாளும். அந்த வாரத்துக்கு என்ன தோராப் பகுதி வருகிறதோ அதுதான் பையனுக்கு. தள்ளிப்போட முடியாததற்குக் காரணம், விழா எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த நாளில் கடமை வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதுதான். மண்டபம், சாப்பாடு, சுருள் எதுவும் இல்லாமல் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் அன்றிலிருந்து அவன் பொறுப்பு அவனுக்கு. பத்துப் பேர் கூடினால்தான் சில பிரார்த்தனைகளைச் சொல்ல முடியும், அந்தப் பத்தில் அவனும் ஒருவன். "13இல் கட்டளைகள்" என்று மிஷ்னாவில் (பழைய யூதச் சட்டத் தொகுப்பு) முன்னோர் மொழிகள் பகுதியில் இருக்கிறது, 5இல் வேதம், 10இல் மிஷ்னா, 15இல் தல்மூத் (மிஷ்னாவுக்கான விரிவுரை), 18இல் கல்யாணம் என்று வரிசையாகப் போகிற இடம்.

பாளைக்காரி அக்கா, உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், லூக்கா 2இல் வருவது பஸ்காப் பண்டிகைக்குக் குடும்பத்தோடு போன பயணம். பையனை மேடைக்கு அழைத்து வாசிக்க வைக்கும் விழா அந்தக் காலத்தில் கிடையாது, அது ஐரோப்பாவில் இடைக்காலத்தில் உருவான வழக்கம்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். உங்கள் மதினி சொன்னது சட்டப்படியே சரி. தல்மூதில் கிதுஷின் என்ற பகுதியின் 29ஆம் ஏட்டில் மகனுக்குத் தகப்பன் செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல் வருகிறது: விருத்தசேதனம், தலைப்பிள்ளை என்றால் காசு கொடுத்து மீட்பது, தோரா கற்பிப்பது, கல்யாணம், ஒரு தொழில் கற்றுக்கொடுப்பது. சிலர் நீச்சலையும் சேர்த்துச் சொல்கிறார்கள். தொழில் கற்றுக்கொடுக்காதவன் திருட்டைக் கற்றுக்கொடுத்தவன் போல என்று ரபி யெகுதா அங்கேயே ஒரு போடு போடுகிறார். எல்லாம் தகப்பன் தலையில்தான், வாத்தியார் என்று ஒருவர் இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. பிறகு வாத்தியார் எங்கிருந்து வந்தார் என்றால், தல்மூதின் பாவா பத்ரா பகுதியில் 21ஆம் ஏட்டில் அந்தக் கதை இருக்கிறது. ஆதியில் அப்பா இருக்கிற பிள்ளை அப்பாவிடம் படித்தது, அப்பா இல்லாத பிள்ளை படிக்காமலே போனது. அதைப் பார்த்துவிட்டு யோசுவா பென் கம்லா என்ற தலைமை ஆசாரியர், எருசலேம் தேவாலயம் கி.பி. 70இல் இடிவதற்குச் சில ஆண்டுகள் முன்னால் இருந்தவர், ஊருக்கு ஊர் வாத்தியார் வைத்து 6, 7 வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். 25 பிள்ளைக்கு ஒரு வாத்தியார், 40 என்றால் உதவிக்கு ஒருவர், 50 என்றால் இரண்டு வாத்தியார் என்ற கணக்குகூட அதே பக்கத்தில் இருக்கிறது. நம் ஊர் எலிமெண்டரி ஸ்கூல்கள் பலவற்றில் இன்றைக்கும் இது கனவு. ஆக, வாத்தியார் வந்தது தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்காக. தகப்பன் இருக்கிற வீட்டில் வாத்தியார் அவனுக்குப் பதிலாளிதான், சம்பளம் கட்டிவிட்டதால் கடமை கைமாறிவிடாது.

அந்தக் கடமைக்குத்தான் 13 வயதில் ஒரு எல்லை. பையன் தோரா வாசிக்க அழைக்கப்பட்டதும் அப்பா ஒரு வரி சொல்வார், "இவனுடைய தண்டனையிலிருந்து என்னை விடுவித்தவர் ஸ்தோத்திரிக்கப்படுவாராக" என்பதுபோல. ஆதியாகமத்துக்கான பழைய விளக்க நூலில், யாக்கோபும் ஏசாவும் 13 வயது வரை சேர்ந்து வளர்ந்து, அப்புறம் ஒருவன் படிப்புக்கும் ஒருவன் வேறு வழிக்கும் போன இடத்தில் இது வருகிறது. கேட்பதற்கு "விட்டது சனியன்" மாதிரி இருக்கிறது, இல்லையா? இதுவரை மகன் செய்த தப்புக்கு, ஒழுங்காக வளர்க்கவில்லை என்று அப்பாவுக்குத் தண்டனை, இனி அது இல்லை என்று ஒரு சாரார் பொருள் சொல்வார்கள். இன்னொரு சாரார் அப்படியே திருப்பிப்போட்டு, இதுவரை அப்பா செய்த பாவம் பிள்ளை மேல் விழுந்தது, இனி விழாது என்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. சீர்திருத்த ஆலயங்கள் பலவற்றில் இந்த வரியைச் சொல்வதே இல்லை.

மேலப்பாளையத்தான்:

எங்களிடம் விழா இல்லை, ஆனால் கணக்கு இதேதான், பருவம் வந்துவிட்டால் தொழுகை, நோன்பு எல்லாம் அவனவன் மேல். அதற்கு முன்னால் 7 வயதில் தொழச் சொல்லுங்கள், 10 வயதில் கண்டிப்பு காட்டுங்கள் என்று பெற்றோரைப் பார்த்துத்தான் ஹதீஸ் பேசுகிறது. நடப்பு என்ன? விடியக்காலை தொப்பியை மாட்டி மதரஸாவுக்கு அனுப்பிவிட்டால் வாப்பா வேலை முடிந்தது, உஸ்தாத் பார்த்துக்கொள்வார். என் வாப்பா நான் குர்ஆனில் எந்த ஜுஸ்வு (பாகம்) ஓதுகிறேன் என்று ஒரு நாள் கேட்டதில்லை. உம்மாதான் மஃரிப் (அந்தி) தொழுகைக்கு அப்புறம் பக்கத்தில் உட்கார வைத்து ஓதச் சொல்லிக் கேட்பார், அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும், ஆனால் ஓதுவதில் ஒரு உச்சரிப்பு பிசகினால் தெரிந்துவிடும். சுவடிப்பித்தன் சொன்ன பட்டியலில் அம்மாவையே காணோமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. பாளைக்காரி அண்ணன் வீட்டிலேயும் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது அம்மாதானே.

சுவடிப்பித்தன்:

சரியான கேள்வி. பழைய சட்டம் அம்மா மேல் அந்தக் கடமையை வைக்கவில்லை, மகளுக்குக் கற்பிப்பதையும் கட்டாயமாக வைக்கவில்லை. ஆனால் "உன் தாயின் போதகத்தைத் தள்ளாதே" என்று நீதிமொழிகளின் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. வீட்டுக்குள் பார்த்தால் வெள்ளி சாயங்காலம் ஓய்வுநாள் விளக்கேற்றுவது அம்மா, பண்டிகைச் சமையலில் எது கூடும் எது கூடாது என்று பிள்ளைக்குத் தெரிய வருவது அம்மாவிடம். மரபுச் சட்டப்படி ஒரு பிள்ளை யூதனா என்பதே அம்மாவை வைத்துத்தான், பாளைக்காரி அக்கா மருமகன் விஷயத்தில் எந்தப் பிரிவும் தகராறு பண்ணாததற்குக் காரணம் அதுதான்.

பெண் பிள்ளைகளுக்கு உண்டா என்றால், உண்டு. சட்டப்படி அவர்களுக்கு 12 வயதிலேயே பொறுப்பு வந்துவிடும், விழாவும் பள்ளிப் படிப்பும்தான் தாமதமாக வந்தன. 1917இல் போலந்தின் கிராக்கோவில் சாரா ஷெனிரர் என்ற தையல் வேலை செய்த பெண்மணி, மரபுக் குடும்பத்துப் பெண்களுக்கென்று பள்ளி ஆரம்பித்தார். அமெரிக்காவில் 1922 மார்ச்சில் ரபி மோர்டெகாய் காப்லான் தன் 12 வயது மகள் ஜூடித்தை நியூயார்க்கில் சபை முன்னால் வாசிக்க வைத்தார். சுருளுக்குப் பக்கத்தில்கூட விடவில்லை, கொஞ்சம் தள்ளி நின்று அச்சுப் புத்தகத்திலிருந்துதான் வாசித்தாள். காப்லானுக்கு நாலும் பெண்கள். பையன் ஒருவன் இருந்திருந்தால் அவர் இதற்கு இறங்கியிருப்பாரா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இன்றைக்குச் சீர்திருத்த ஆலயங்களில் பெண் பிள்ளையும் அதே சுருளிலிருந்துதான் ஓதுகிறாள்.

செங்கோட்டை சித்தி:

அம்மாக்கள் பற்றிப் பேச்சு வந்ததால் இது. அமெரிக்கா வரை போவானேன், பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினால் எர்ணாகுளம், அங்கிருந்து மட்டாஞ்சேரி. 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது, தரையில் கையால் வரைந்த சீன ஓடுகள், வெள்ளியும் சனியும் போனால் பார்க்க முடியாது. கொச்சி யூதப் பெண்கள் பைபிள் கதைகளை மலையாளப் பாட்டாகப் பாடி, நோட்டுகளில் எழுதி வைத்து, மகளுக்கும் பேத்திக்கும் கொடுத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில், பண்டிகையில் அவர்கள்தான் பாடுவார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள், நோட்டுகளும் கூடவே போயின. எந்தச் சட்டப் பட்டியலிலும் இல்லாத வேலைதான் இது.

தென்காசி டவுன்:

எல்லோரும் புகழ்ந்துகொண்டே போகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணி ஊற்றுகிறேன். நான் சிகாகோவில் இருந்த காலத்தில் பார்த்தவரை, பல குடும்பங்களில் 13 முடிந்த மறுவாரம் பையன் எபிரெய வகுப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவான். பெற்றோரும் அதற்கப்புறம் பண்டிகைக்குத்தான் ஆலயம் பக்கம் தலைகாட்டுவார்கள். டிஜே, ஹால், தீம் என்று நம் ஊர் சடங்கு வீட்டு பிளக்ஸ் பேனருக்குக் கொஞ்சமும் குறையாத ஆட்டம். அப்பா அம்மா பட்ட பாடு எல்லாம் ஒரு காலைப் பொழுதுக்குத்தானா?

சுவடிப்பித்தன்:

அவர்களுக்குள்ளேயே இந்தப் புலம்பல் பழையது அண்ணாச்சி. 1800களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் சீர்திருத்த யூதர்கள், 13 வயதுப் பையனுக்கு என்ன புரியும் என்று கேட்டு, அக்கம்பக்கத்து புராட்டஸ்டண்ட் சபைகளைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, ஆண் பெண் இருபாலருக்கும், திடப்படுத்தல் வைத்தார்கள். சில ஆலயங்களில் பார் மிட்ஸ்வாவையே நிறுத்திக்கூடப் பார்த்தார்கள். ஜனங்கள் விடவில்லை, திரும்ப வந்துவிட்டது. பாளைக்காரி அக்கா அப்பா இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்.

ஆனால் ஒரு காலைப் பொழுதுதான் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உபாகமம் 6இல் பிள்ளைக்குக் கருத்தாய்ப் போதி என்று சொன்ன கையோடு, வீட்டில் உட்காரும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்பும்போது என்று நேரத்தையும் சொல்லிவிடுகிறது. அதில் ஆலயம் என்ற பேச்சே இல்லை. பஸ்கா ராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளைதான் கேள்வி கேட்கும், இந்த ராத்திரி மட்டும் ஏன் வேறு மாதிரி என்று. பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டும். நாலுவிதப் பிள்ளைகள் என்று ஒரு பகுதி வரும், அறிவாளிக்கு ஒரு பதில், குதர்க்கம் பேசுகிறவனுக்கு ஒரு பதில், வெள்ளந்திக்கு ஒரு பதில், கேட்கவே தெரியாத பிள்ளைக்கு நீயே பேச்சை ஆரம்பி என்று. குதர்க்கம் பேசுகிறவனைப் பந்தியிலிருந்து எழுப்பி விடவில்லை, அவனுக்கும் இடம் உண்டு. 13க்கு அப்புறம் வகுப்பை நிறுத்திய பையனும் அந்த ராத்திரிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறான்.

பாளைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. மதினியிடம் பேசினேன். அவர்களுடையது சீர்திருத்தப் பிரிவு. அண்ணன் மேடையில் பக்கத்தில் நிற்கலாம், ஒரு பத்தி வாசிக்கலாம் என்று ரபி முன்பே சொல்லியிருக்கிறார், இவன்தான் எங்களிடம் சொல்லாமல் பின் வரிசைக் கதை விட்டிருக்கிறான். எபிரெயம் தெரியாத நான் அங்கே நின்று என்ன செய்ய என்கிறான். வாரம் தவறாமல் வண்டி ஓட்டியது யாரு, பனியில் வகுப்பு வாசலில் காத்துக் கிடந்தது யாரு என்று அம்மா போனிலேயே சத்தம் போட்டுவிட்டார்.

இன்னொன்றும் தெரிய வந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் மதினியும் அண்ணனும் சேர்ந்து பையன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் சொல்வார்களாம், எப்பிராயீமைப்போலவும் மனாசேயைப்போலவும் ஆக்குவாராக என்று. அப்பா உடனே "ஆதியாகமம் 48, 20" என்றார். யாக்கோபு பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னது அது, தாத்தா சொல்ல வேண்டியதை அப்பன் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று ஒரு குறை வேறு. இப்போது அந்த வசனத்தைத் தமிழில் அண்ணன் வாசிப்பதா, அப்பா வாசிப்பதா என்று அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இழுபறி நடக்கிறது. ரபியிடம் மதினி கேட்டுச் சொல்வார்.

நீச்சலைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு. போன லீவுக்கு வந்தபோது குறுக்குத்துறையில் பையனை ஆற்றில் இறக்கி, வயிற்றில் கையைக் கொடுத்துப் பிடித்து, காலை அடிலே, அடிலே என்று அண்ணன் கத்திக்கொண்டிருந்தான். பட்டியலில் அதுவாவது முடிந்தது. அல்வாக் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லையே!

எடிசன் நெல்லையான்:

அல்வா கோதுமைப் பால், சீனி, நெய்தான், பன்றிக்கொழுப்பு கிழுப்பு எதுவும் இல்லை. ஆனால் நெய் பால் கணக்கில் சேரும், கோஷர் (யூத உணவு விதி) பார்க்கிறவர்கள் இறைச்சிச் சாப்பாட்டோடும் அதை முடித்த கையோடும் பால் பொருள் தொடமாட்டார்கள். கடை அல்வாவுக்குக் கோஷர் முத்திரையும் இருக்காது, அதனால் கண்டிப்பானவர்கள் எப்படியும் வாங்க மாட்டார்கள். ஆலயத்துக்குள் கொண்டுபோக வேண்டாம், மதினி வீட்டில் கொடுத்துவிடுங்கள், யாருக்கு வைப்பது என்று அவருக்குத் தெரியும். அப்பா தலைக்குத் தனியாகத் தொப்பி தேட வேண்டாம், வாசலில் பெட்டியில் சின்னத் தொப்பி இருக்கும், எடுத்து வைத்துக்கொள்ளலாம். தோளில் போடும் குஞ்சம் வைத்த சால்வை யூதர்களுக்கானது, அதை எடுக்க வேண்டாம். உங்களுக்கும் அம்மாவுக்கும் சேலை போதும்.

கல்லிடை மணி:

போட்டோ எடுக்கலாமா? அதைச் சொல்லுங்கள் முதலில், நம் ஆட்கள் போனைத் தூக்கிக்கொண்டு மேடைக்கே ஏறிவிடுவார்கள்.

எடிசன் நெல்லையான்:

சனிக்கிழமை என்றால் பெரும்பாலான ஆலயங்களில் கூடாது அண்ணாச்சி. அந்த வாரத்தில் ஒரு நாள் ஒத்திகை வைப்பார்கள், குடும்பப் படமெல்லாம் அப்போதுதான் எடுப்பது. அக்கா, டிக்கெட்டை அந்த ஒத்திகைக்கு முன்னாலேயே போய்ச் சேருகிற மாதிரி போடுங்கள்.